ஆர்டரை ரத்து செய்துவிட்டார்களா? முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் கோபம்

"ஸ்டாக் இல்லை, பணம் திரும்ப வந்துவிடும்" என்று ஆன்லைன் கடையிலிருந்து செய்தி வந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, வாட்ஸ்அப் குரூப்பில் போய்த் திட்டுவதுதான். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபிஸ் குமாஸ்தா. செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) எழுதிப் பழகிய கை என்பதால் யாருக்கு எந்த போராங் (படிவம்) நிரப்ப வேண்டுமென்றாலும் ஆபிசுக்கு வந்துவிடுவார்கள். ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் சேர்க்கும் பைத்தியமும் உண்டு. அடியில் 'மலேசியா' என்று பொறித்த கார்கள் இங்கிருந்து வடக்கே, பினாங்கு மாநிலத்துப் பிறையில்தான் தயாராகின்றன. அவற்றையே வாங்க நாம் எவனெவனிடமோ கெஞ்சிக்கொண்டு நிற்கிறோம்!

அக்கா மகனுக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் புரியும். ஒரு கடையின் வெப்சைட்டில் பிரீமியம் செட் ஒன்றை முழுப் பணமும் கட்டி புக் செய்தான். ஆர்டர் உறுதி என்று இமெயிலும் வந்தது. அதற்குள் குரூப்களில் அந்த செட்டின் விலை ஏற ஆரம்பித்துவிட்டது. "ஸ்டாக் கணக்கில் பிழை" என்று ரத்து செய்தார்கள். அன்று சாயங்காலமே என் முன்னால் வந்து போனை நீட்டினான்: "மாமா, 189 வெள்ளிக்கு வித்ததை 320க்குப் போட்டிருக்கான், பாருங்க."

அதே கடை அதே செட்டுக்கு 320 வெள்ளி (ரிங்கிட்) போட்ட அந்தப் பக்கம்தான் நம் கையில் இருந்த பெரிய சாட்சி. விலை, பொருளின் பெயர், கடையின் பெயர், போனின் மேல் மூலையில் மணி, இவ்வளவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். படத்தை வெட்டாதீர்கள். ஆர்டர் எண் உள்ள பக்கம், உறுதி இமெயில், பணம் கட்டிய ரசீது, ரத்து செய்தி, கடையின் நிபந்தனைகள் பக்கம் எல்லாவற்றையும் அன்றே பிடித்து வையுங்கள். மறுநாள் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பக்கங்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே திரையை வீடியோவாகவும் பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது.

பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பி வந்தால் வரட்டும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். "இத்துடன் முடிந்தது, வேறு கோரிக்கை இல்லை" என்கிற மாதிரி எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். ஆர்டரை நீங்களே ரத்து செய்ததாகக் காட்டும் பட்டனையும் அழுத்தாதீர்கள். சில கடைக்காரர்கள் நைசாக அதைத்தான் அழுத்தச் சொல்வார்கள்.

இனி சட்டம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 ஆன்லைன் வியாபாரத்துக்கும் பொருந்தும். அதில் 16ஆம் பிரிவை மனதில் வையுங்கள்: பொருளைக் கொடுக்கும் எண்ணம் இல்லாமலோ, குறித்த காலத்தில் கொடுக்க முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமலோ பணம் வாங்குவது குற்றம். கையில் இருக்கும் சரக்கைவிட அதிகமாக புக்கிங் எடுக்கும் கடைக்கு இது நேராகப் போய் இடிக்கும். "அனுப்பி வைக்கும்வரை ஒப்பந்தமே இல்லை, எந்த நேரமும் ரத்து செய்வோம்" என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் ஒதுங்கிவிட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த ஒப்பந்த நிபந்தனைகளைக் கேள்வி கேட்க அதே சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது, 24ஏ பிரிவிலிருந்து பாருங்கள். ஒப்பந்தத்தை மீறியதால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்க ஒப்பந்தச் சட்டம் 1950இல் 74ஆம் பிரிவு உண்டு.

நஷ்டம் என்றால் மனக்கஷ்டம் இல்லை, கணக்கு. அதே செட்டை வேறு கடையில் நியாயமான விலைக்கு வாங்கி ரசீதை வைத்துக்கொண்டால் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நஷ்டம். ஊரிலேயே அதிக விலை சொல்பவனிடம் போய் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் எடுபடாது.

கடைக்கு எழுதும்போது மலாயில், சுருக்கமாக எழுதுங்கள். "சாயா தீடாக் பெர்செத்துஜு டெங்கான் பெம்பாத்தாலான் இனி" (இந்த ரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை) என்று ஆரம்பித்து, ஆர்டர் எண், கட்டிய தொகை, தேதி, என்ன வேண்டும் (பொருளா, வித்தியாசத் தொகையா), எந்தத் தேதிக்குள் என்பதைச் சொன்னால் போதும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். நாளைக்கு வழக்கு என்று போனால் அந்தக் கடிதத்தை நடுவர் படிப்பார்.

கட்டிய பணமே திரும்பி வரவில்லை என்றால், கார்டில் கட்டியவர்கள் உடனே பாங்கைக் கூப்பிட்டு அந்தக் கட்டணத்தை மறுத்து மனு கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள். பாங்க் டிரான்ஸ்ஃபர் செய்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. பெரிய விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் பணம் இன்னும் தளத்திடம்தான் இருக்கும். முறையீட்டை அங்கேயே போடுங்கள், விற்பவர் தனியாக சாட்டில் இழுத்தால் போகாதீர்கள்.

கடை மசியவில்லையா? பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வரக்கூடாது என்பது நமக்குச் சாதகம். போராங் 1ஐ ஆன்லைனிலும் நிரப்பலாம். நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் பெயர். வெப்சைட்டில் பளபளக்கும் கடைப்பெயரை எழுதக்கூடாது, பதிவான கம்பெனியின் பெயரும் எண்ணும் முகவரியும் வேண்டும். வியாபாரப் பெயரையும் பதிவு எண்ணையும் இணையதளத்தில் காட்டியே ஆகவேண்டும் என்று மின்வணிக விதிமுறைகள் சொல்கின்றன. காட்டாவிட்டால் அதுவே தனிப் புகார், அதை உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு எழுதுங்கள்.

மன்றம் பணத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், ஈடு கொடுக்கச் சொல்லலாம், ஒப்பந்தப்படி பொருளையே கொடுக்கவும் உத்தரவிடலாம். ஆனால் செட் விற்றுத் தீர்ந்துவிட்டால் பொருள் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பணமாகத்தான் முடியும். மருமகனுக்கும் அப்படித்தான். விசாரணையில் முதலில் சமரசம் பேசச் சொன்னார்கள். கட்டிய பணம் ஏற்கனவே வந்துவிட்டது. அதற்கு மேல் வித்தியாசத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தர கடை ஒப்புக்கொண்டது. அதையே தீர்ப்பாகப் பதிந்துவிட்டார்கள். முழுத் தொகைக்குப் பிடிவாதம் பிடிக்கலாம் என்றேன். அவன் போதும் மாமா என்றுவிட்டான்.

எல்லோருக்கும் இந்தக் கதவு திறக்காது. வாங்கி விற்கும் ஆட்களே, சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரைத்தான் சட்டம் பயனீட்டாளர் என்கிறது. ஒரே செட்டில் பத்து பெட்டி புக் செய்துவிட்டு மன்றத்தில் போய் நின்றால் முதல் கேள்வியே அதுதான். வெளிநாட்டுக் கடையாக இருந்தால் தீர்ப்பு வாங்கினாலும் நிறைவேற்றுவது கஷ்டம், பாங்க் வழிதான் நல்லது. அப்புறம், விலையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தே அள்ளியவர்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். 2003இல் சிங்கப்பூரில் 3,854 டாலர் பிரிண்டர் 66 டாலர் என்று வெப்சைட்டில் விழுந்தது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர் ஆர்டர் செய்தார்கள். தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள் என்று நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்களைச் செல்லாது என்றுவிட்டது. அது சிங்கப்பூர்த் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடைக்காரர் அதே வாதத்தைத்தான் எடுப்பார்.

பத்து வெள்ளிக்குள் வாங்கிய ஒற்றைக் காருக்காக ஈப்போவில் மன்றம் வரை போய் வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், பெட்ரோல் காசுகூட வராது. அதற்கு அமைச்சுக்கு ஒரு புகார் போதும்.

தீர்ப்பு வந்து 14 நாளில் கடை பணம் தராவிட்டால் அது கிரிமினல் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பதினைந்தாம் நாள் காலையில் தீர்ப்பின் நகலோடு மன்றத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.