காதில் பூ சுற்றுபவரிடம் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்ற நண்பன் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, வழியில் யானை மறித்துவிட்டது என்கிறான். தமிழில் என்றால் 'யார் காதுலடா பூ சுத்துற?' என்று கேட்டுவிடலாம். இங்கிலாந்துக்காரர் அந்த இடத்தில் 'புல் தி அதர் ஒன்' என்பார்.

நேர் அர்த்தம் 'இன்னொன்றை இழு'. எதை? காலைத்தான். ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது என்றால் விளையாட்டாகப் பொய் சொல்லி அவரை நம்பவைப்பது. ஒரு காலை இழுத்துப் பார்த்துவிட்டாய், நான் ஏமாறவில்லை, மற்றதையும் இழுத்துப் பார் என்கிற நக்கல் இது. நம்மூர் 'காலை வாருவது' வேறு, அது கூட இருந்தே குழி பறிப்பது. இதில் அந்தத் துரோகமெல்லாம் கிடையாது.

சிலர் 'இட்ஸ் காட் பெல்ஸ் ஆன்' என்று ஒரு வாலும் சேர்ப்பார்கள், அதாவது அந்தக் காலில் மணி கட்டியிருக்கிறேன், இழுத்தால் சத்தமாவது கேட்கும். இங்கிலாந்தின் மாரிஸ் நடனக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டி ஆடுவார்கள், அதிலிருந்து வந்தது என்பது ஒரு கதை. அரசவைக் கோமாளியின் மணி என்பது இன்னொரு கதை. எதுவானாலும் நமக்குக் காதில் பூ, அவர்களுக்குக் காலில் மணி!

சொல்லும்போது 'அதர்' மேல் அழுத்தம் கொடுங்கள், முகத்தில் லேசான சிரிப்பு இருக்கட்டும். 'அவன் இன்னொன்றை இழுத்தான்' என்று காலம் மாற்றிச் சொன்னால் யாருக்கும் புரியாது, எதிரில் நிற்பவரிடம் ஏவலாகச் சொல்வதற்கு மட்டும்தான் இது. 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்றால் 'விளையாடுறியா, நிஜமாவா?' என்று கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கும், நல்ல செய்தி கேட்டு வாய் பிளக்கும்போதுகூட அதைச் சொல்லலாம். 'புல் தி அதர் ஒன்' அப்படியில்லை, நீ சொல்வது பொய் என்று முடிவு கட்டியாயிற்று.

அதனால்தான் மேலதிகாரியிடமும் அலுவலக மின்னஞ்சலிலும் வேண்டாம். துக்கச் செய்தி சொல்பவரிடம் அதிர்ச்சியில் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கர்களிடம் இது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை, அவர்களிடம் 'யா, ரைட்' என்று இழுத்துச் சொன்னால் போதும். அப்புறம், உங்களிடமே யாராவது இதைச் சொல்லி, நீங்கள் சொன்னது உண்மையாகவும் இருந்தால், கோபப்படாமல் 'நோ, ஹானஸ்ட்லி' என்று சொல்லிவிட்டு யானையின் போட்டோவைக் காட்டுங்கள்.