தாலினில் பகல் ஆறு மணி நேரமே: குளிர்காலப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கு டிசம்பரில் இரண்டு மூன்று நாள் பயணமாகச் செல்பவர்கள் பணத்தையும் துணிமணியையும் கணக்கிடுகிறார்களே தவிர, வெளிச்சத்தைக் கணக்கிடுவதில்லை. அந்த மாதத்தின் பிற்பாதியில் அங்கே சூரியன் காலை ஒன்பதே கால் மணி அளவில் உதித்து, பிற்பகல் மூன்றரைக்கு முன்பே மறைந்துவிடும். காலை உணவை நிதானமாக முடித்து, மதியம் வரை அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, பிறகு தோம்பேயா குன்றில் ஏறுபவருக்குச் செங்கூரைகளும் மதில் கோபுரங்களும் இருளில் கரைந்த நிழல்களாகவே தெரியும். ஆகவே விடிந்ததும் குன்றுக்குச் சென்றுவிட்டு, உள்ளே பார்க்க வேண்டியவற்றை மாலைக்கு வைத்துக்கொள்வதே சரியான வரிசை. நிகுலிஸ்தே தேவாலயத்தில், 15ஆம் நூற்றாண்டில் பெர்ன்ட் நோட்கே தீட்டிய மரண நடன ஓவியத்தின் எஞ்சிய பகுதி இருக்கிறது. போப்பாண்டவரையும் பேரரசரையும் எலும்புக்கூடுகள் ஆட்டத்துக்கு இழுத்துச் செல்லும் அந்தக் காட்சிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

ஓலெவிஸ்தே தேவாலயக் கோபுரத்தில் ஏறும் திட்டத்தோடு செல்பவர்களும் ஏமாறுகிறார்கள். அதுவும் நகர மன்றக் கோபுரமும் பொதுவாகக் குளிர்காலத்தில் திறப்பதில்லை. சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெல்சிங்கிக்கு ஒரு நாள் போய்வருவது இன்னொரு தவறான ஆசை. கப்பல் பயணம் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால், அந்த நாளின் வெளிச்சத்தில் பெரும்பகுதி கடலிலேயே போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட, காலணியில் செய்யும் தவறுதான் பயணத்தையே முடக்கக்கூடியது. 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரத்தின் தெருக்களில் உருண்டைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே ஏறி இறங்குவதால், பகலில் உருகும் பனி கற்களின் இடுக்குகளில் தேங்கி, இரவில் கண்ணாடித் தகடுபோல உறைந்துவிடுகிறது. தோம்பேயா குன்றிலுள்ள மேல் நகரத்துக்கு ஏறும் லூஹிகே யால்க் என்ற குறுகிய சந்தில் படிகளும் இருப்பதால், அங்கே கூடுதல் கவனம் தேவை. கைப்பிடியைப் பிடித்து ஓரமாக ஏற வேண்டும். வழுவழுப்பான அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆழமான வெட்டுகள் கொண்ட, நீர் புகாத காலணியை அணிய வேண்டும். காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகளையும் வைத்துக்கொண்டால் நல்லது. கூரையிலிருந்து பனிக்கட்டி விழக்கூடிய இடங்களில் நாடா கட்டி நடைபாதையை அடைத்திருப்பார்கள். படம் எடுப்பதற்காக அதைத் தாண்டக் கூடாது.

இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிறு பட்டையை அணிய வேண்டும் என்பது எஸ்தோனியாவில் சட்டம். அதை அவர்கள் ஹெல்குர் என்கிறார்கள். மேலங்கியில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கும்படி, வாகனங்கள் வரும் பக்கமாக அதைக் கோத்துக்கொள்ள வேண்டும். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், கறுப்பு மேலங்கியோடு சாலையைக் கடப்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். உடையைப் பொறுத்தவரை, பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து குளிரூட்டும் என்பதால் கம்பளியே ஏற்றது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நேர்கிறது. நகர மன்றச் சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் சந்தைக்காகவே செல்பவர்கள், அது எந்த நாளில் முடிகிறது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்க்காமல் ஜனவரிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். சந்தை முக்கியமில்லை என்பவர்களுக்கு என் தேர்வு பிப்ரவரியின் பிற்பாதி. குளிர் கூடுதல்தான், ஆனால் பகல் ஏறத்தாழ பத்து மணி நேரமாக நீண்டிருக்கும். பிப்ரவரி 24 அவர்களின் சுதந்திர நாள். 1918ஆம் ஆண்டின் பிரகடனத்தை நினைவுகூர்ந்து, தோம்பேயாவின் பிக் ஹெர்மன் கோபுரத்தில் சூரிய உதயத்தில் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியை ஏற்றுவார்கள். அதைக் காண விரும்புபவர் காலை ஏழு மணிக்கு முன்பே குன்றின் மேல் நிற்க வேண்டும்.