போட்டிக்குப் போகும் முன் கோல்ஃப் பையைத் திறந்து பாருங்கள்

அமெச்சூர் போட்டிகளில் முதல் டீ (ஆட்டம் தொடங்கும் இடம்) பக்கம் நின்றால் ஒன்று தெரிகிறது. எங்கள் செட் அந்தக் காலத்தில் பண்ணிய தப்புகளைப் புதுப் பிள்ளைகளும் அச்சு மாறாமல் பண்ணுகிறார்கள். தாமதமாக வருவது, ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட மறப்பது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகத் திருந்திவிடும். இங்கே சொல்லப்போவது பைக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்.

15-வது கிளப்

பையில் வைத்துக்கொள்ளும் கிளப்புகளுக்கு, அதாவது பந்தை அடிக்கும் மட்டைகளுக்கு, உச்சவரம்பு 14. 2001 ஓபன் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) கடைசி நாள், முதல் ஹோலில் (குழியில்) பேர்டி, அதாவது நிர்ணயித்ததைவிட ஒரு அடி குறைவாக, அடித்துவிட்டு இரண்டாவது டீக்கு வந்த இயன் வூஸ்னமின் பையில் இரண்டு டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) இருந்தது அப்போதுதான் தெரிந்தது. 2 ஸ்ட்ரோக், அதாவது ஸ்கோரில் இரண்டு அடி கூடுதல், அபராதம். எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் விற்கிறார்களே, அப்புறம் என்ன?

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு கல்லூரிப் பையன். மாமா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த டிரைவர். கூட ஆடியவர்களைத் தாண்டிப் பந்து பறக்கிறது. ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்க, நடுவர் அனுமதிக்கப்பட்ட டிரைவர்களின் பட்டியலைப் பார்த்தார். அந்த மாடல் அதில் இல்லை. ஒன்றிரண்டு ஸ்ட்ரோக்கோடு போகிற விஷயம் இல்லை இது, நேராகத் தகுதி நீக்கம். "ஒரிஜினல் சார், டூப்ளிகேட் இல்லை" என்று பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான், ஒரிஜினலேதான். வேகம் குறைந்த பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடுவதற்கென்றே ஜப்பானில் இப்படிப்பட்ட டிரைவர்களை வெளிப்படையாக விற்கிறார்கள். அதில் குற்றம் இல்லை. போட்டியில் அதால் அடிப்பதுதான் குற்றம்.

காரணம் முகப்புத் தகடு. மெல்லிய டைட்டானியம், தளர்ந்த கயிற்றுக் கட்டில் மாதிரி உள்வாங்கிப் பந்தை எற்றிவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு: சின்ன எஃகு ஊசல் ஒன்றைத் தகட்டின் மேல் மோதவிட்டு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை அளப்பார்கள். வரம்பு 239 மைக்ரோ நொடி, சலுகை 18, ஆக 257. அதைத் தாண்டினால், ஒரே வேகத்தில் வீசும் இரண்டு பேரில் ஒருவர் தூரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று பொருள்.

கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகளின் இணையதளங்களில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் போதாது. லாஃப்ட் (முகப்பின் சாய்வு), அடிப்பாகத்தில் உள்ள குறிகள் எல்லாம் பொருந்த வேண்டும். 1999-க்கு முன் செய்த தலைகளுக்கு மட்டும் பட்டியலிலிருந்து விலக்கு. பழைய டிரைவர் வாங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்கவும். 2000 வாக்கில் காலவே நிறுவனத்தின் ஈஆர்சி டிரைவரை யுஎஸ்ஜிஏ ஏற்க மறுத்தது, ஆர் அண்ட் ஏ அனுமதித்தது. அந்தக் காலத்துச் சரக்கு பலர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

சட்டப்படி வாங்கியதே பிறகு வரம்பு மீறுவதும் உண்டு. அடித்து அடித்துத் தகட்டின் துள்ளல் கூடிவிடும். 2019 ஓபனுக்கு முன் ராயல் போர்ட்ரஷில் சாண்டர் ஷாஃபலேயின் டிரைவர் சோதனையில் தோற்றது. 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராய்க்கும் அதே கதி. இருவரும் வேறு டிரைவரோடு ஆடினார்கள். நம் வேகத்துக்கு அந்தக் கவலை வேண்டாம், ஆனால் பலமாக அடிப்பவர் கழித்துவிட்ட டிரைவரை வாங்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

ரேஞ்ச்ஃபைண்டரில் ஸ்லோப்

ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரமளக்கும் கருவியில் தூரம் பார்க்கலாம், ஸ்லோப், அதாவது தரையின் ஏற்ற இறக்கம், பார்க்கக் கூடாது. முதல் முறை 2 ஸ்ட்ரோக், மறுமுறை வீட்டுக்கு.

அடுத்தவர் புட்டர்

குழிக்குள் பந்தை உருட்டும் கிளப்தான் புட்டர். கடன் கேட்காதீர்கள்.

நடுவழியில் திருகுவது

லாஃப்ட் மாற்றும் டிரைவருக்குச் சாவி ஒன்று தருவார்கள். எதிர்க்காற்று அடிக்கிறதே என்று ஏழாவது ஹோலில் அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். திருகிவிட்டீர்களா, சரி, அடிப்பதற்குள் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. மாற்றியபடியே அடித்தால் தகுதி நீக்கம். சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பந்து

விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. "கூடுதல் தூரம்" என்று ஆன்லைனில் விற்பதில் சில இந்த இரண்டில் ஒன்றை மீறுபவை. பந்துக்கும் தனிப் பட்டியல் உண்டு, மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். பழைய மாடல்கள் அதிலிருந்து விழுந்துவிடும். மலிவாகக் கிடைத்த பழைய ஸ்டாக்கோடு போவதானால், போட்டி நடக்கும் மாதத்தின் பட்டியலைப் பாருங்கள்.