ஈ.ஈ.ஜி. பதிவுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவது எப்படி

வலிப்பு வந்த பிள்ளைக்கு ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும் என்று வைத்தியர் எழுதித் தந்ததும், எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துத் தாய்மார் பலர் முதலில் கேட்பது, "தலைக்குக் கரண்ட் கொடுப்பார்களா?" என்பதுதான். கொடுக்க மாட்டார்கள். மூளை தானாகவே உண்டாக்கும் மின்னைத் தலைத்தோலின் மேலிருந்து வாங்கிப் பதிவதே அந்தக் கருவியின் வேலை. அது மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. முடி மழிப்பதும் இல்லை. ஆனால் வீட்டில் ஆயத்தம் சரியாக இல்லாவிட்டால் பதிவு தெளிவாக வராது. என் அக்காவின் மகனைத் தலையில் எண்ணெயோடு கூட்டிப்போய், அவன் பஸ்ஸிலேயே தூங்கியும் விட்டதால், முதல் பதிவு பயன்படாமல் இன்னொரு நாள் அலைய நேர்ந்தது. அந்த அலைச்சல் வேறொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தனை கவனம் ஏன் தேவை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மூளைய மேற்பட்டையில் உள்ள பெருந்தொகையான நரம்புக்கலங்கள் ஒருமித்து இயங்கும்போது எழும் மின்னழுத்தம், மண்டையோட்டையும் தோலையும் கடந்து வெளியே வரும்போது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவாகக் குறைந்துவிடுகிறது, இதயத்தின் ஈ.சி.ஜி.யில் தெரியும் அழுத்தமோ ஏறக்குறைய 1 மில்லிவோல்ட், அதாவது 1000 மைக்ரோவோல்ட். ஆகவே தலையில் படிந்த எண்ணெய், வடியும் வியர்வை, பல்லைக் கடிப்பது, கண் சிமிட்டுவது ஆகிய எல்லாமே அந்த மெல்லிய அலையை மறைத்துவிடும்.

முதல் நாள் மாலையில் தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாக முழுகவார்த்து, முடியைக் காயவிடுங்கள். அதன்பின் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயும் வைக்கக்கூடாது. அம்மம்மாமாருக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். ஒரு நாள்தானே என்று சொல்லிச் சமாளிக்கலாம். காலையில் பின்னலும் பூவும் கிளிப்பும் வேண்டாம். முக்காடோ பர்தாவோ அணிபவர்கள் அறைக்குள் அதை அகற்ற வேண்டியிருக்கும் என்பதால், பெண் பணியாளர் வேண்டுமாயின் திகதி வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வைத்தியர் நிறுத்தச் சொன்னாலொழிய வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். வெறும் வயிற்றோடும் கூட்டிப்போக வேண்டாம். வழமையான சாப்பாடு போதும், தேநீரும் கோப்பியும் மட்டும் வேண்டாம்.

தூக்கம்தான் கடினமான பகுதி. சிலரின் வலிப்பு அலைகள் தூக்கம் வரும் வேளையிலேயே வெளிப்படுவதால், பிள்ளையைப் பிந்திப் படுக்கவைத்து வேளைக்கே எழுப்பும்படி சொல்வதுண்டு. எத்தனை மணிநேரம் என்பது வயதுக்கேற்ப மாறும் என்பதால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படுவான்கரையிலிருந்தோ வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ நெடுந்தூரம் வருபவர்கள், பஸ்ஸில் பிள்ளையைக் கதைகேட்டு விழித்திருக்க வைப்பதற்கென்றே இரண்டாவது ஆளொருவரைக் கூட்டிவருவது நல்லது.

அறையில் நாடாவால் தலையை அளந்து, புருவங்களுக்கு நடுவே மூக்குத் தொடங்கும் இடத்திலிருந்து பிடரி எலும்பு வரையுள்ள தூரத்தில் நூற்றுக்கு 10, 20 என்ற பங்குகளில் புள்ளியிட்டு, பசை தடவி, பெரும்பாலும் 21 மின்வாய்களை (மின்னை வாங்கும் சிறு தட்டுகளை) ஒட்டுவார்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். பிள்ளை அசைந்தால் அதட்டாதீர்கள், பயந்த பிள்ளையின் நெற்றித்தசை இறுகி அதுவும் பதிவில் ஏறிவிடும். பதிவு ஏறக்குறைய அரை மணிநேரம் நீளும். இடையில் கண்ணை மூடித் திறக்கச் சொல்வார்கள். கண்ணை மூடியதும் பின்தலையில் செக்கனுக்கு 8 முதல் 13 வரையான மீடிறனுள்ள அல்பா அலை எழுந்து, திறந்ததும் அடங்கிவிடும் (சின்னப் பிள்ளைகளில் இதன் வேகம் குறைவு). மனித மூளையலையை 1924 இல் முதன்முதலாகப் பதிந்து 1929 இல் வெளியிட்ட ஜேர்மன் மனநல வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் கண்டதும் இதே மாற்றத்தைத்தான்; அவர் பதிந்த தலைகளுள் அவருடைய சொந்த மகனின் தலையும் ஒன்று என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி. மற்ற அலைகளுள் அல்பாவைவிட வேகமானது பீட்டா. செக்கனுக்கு 4 முதல் 8 வரை வருவது தீட்டா. அதற்கும் கீழே டெல்டா, ஆழ்ந்த தூக்கத்துக்குரியது.

பின்னர் மூன்று நிமிடம் ஆழமாக மூச்சை இழுத்துவிடச் சொல்வார்கள். வகுப்பில் திடீரென வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் பிள்ளைகளை நாம் கவனமில்லாதவர்கள் என்று ஏசிவிடுகிறோம். அவர்களுள் சிலருக்கு இந்த மூச்சின்போதே செக்கனுக்கு 3 முறை வரும் கூர்முனை அலை தோன்றி, அது கவனக்குறைவல்ல, ஒருவகை வலிப்பே என்ற உண்மையைக் காட்டிவிடும். சின்னப் பிள்ளைக்குக் காகிதக் காற்றாடியை ஊதும் பழக்கத்தை வீட்டிலேயே கொடுத்துவையுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் இந்தப் படிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மின்னி மறையும் வெளிச்சமும் காட்டுவார்கள்; அரிதாக அதனால் வலிப்பு வந்தாலும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

முடிந்ததும் பசையை இளஞ்சூட்டு நீரால் கழுவிவிடலாம். அறிக்கையில் குறையொன்றும் இல்லை என்று வந்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அந்த அரை மணிநேரத்தில் வலிப்பு அலை வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்; வலிப்பு நோய் உள்ளவர்களிலும் ஒரு பதிவு சாதாரணமாக அமைவதுண்டு. அதனால் அடுத்த கிளினிக்குக்கு அறிக்கையோடு, வலிப்பு வந்த நாட்களும் நேரமும் குறித்த கொப்பியையும், இயன்றால் வலிப்பு வரும்போது கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியையும் கொண்டுபோங்கள்.