சக்கிமுக்கித் துப்பாக்கி: முதல் டப்பா மருந்து வாங்கும் முன்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பென்சில்வேனியாவில் ஒரு தனி மான் வேட்டைப் பருவம் திறக்கும். ஜனவரி நடுவரை இருக்கும். அதற்குரிய துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான்: குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் ரைஃபிள். 1974-இலிருந்து இந்தப் பருவம் நடக்கிறது. லங்காஸ்டர் பக்கம் நாங்கள் வீடு வாங்கி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த வட்டாரத்தில்தான் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள் அந்த நீளமான ரைஃபிளை வடித்தெடுத்தார்கள். கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் வாங்கியது பிறகு. பிறந்தது இங்கே.

வீட்டுக்கு வரும் தம்பிகள் சுவரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பார்கள். எந்தத் துப்பாக்கி, என்ன விலை, எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் கேட்பவர்கள், மருந்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. என்னுடைய முதல் நாள் முழுக்க வீணாய்ப் போனது மருந்தால்தான்.

நடந்தது இதுதான். ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் கருமருந்து கேட்டேன். அது இல்லை, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று பைரோடெக்ஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். நம்பி வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கல் அடித்தது, பொறி பறந்தது, குழலுக்கு வெளியே பற்றுமருந்து வைக்கும் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் புகைந்தது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. இருபது தடவைக்கு மேல் அப்படியே. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் என் டப்பாவைப் பார்த்தார். மருந்து வைத்திருக்கும் தன் கொம்புக் குடுவையிலிருந்து ஒரு சிட்டிகை மருந்தை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கடுகைவிடச் சின்னதாய், பளபளவென்று, கரிக்கட்டியை உடைத்தது போன்ற மணிகள். "கல்லுக்கு இது மட்டும்தான் புரியும்" என்றார்.

காரணம் எளிது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அசல் கருமருந்து சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். தொப்பி என்கிற சிறு வெடிக் கேப் வைத்து அடிக்கும் துப்பாக்கியில் அந்தச் சூடு கிடைத்துவிடும், சக்கிமுக்கிக் கல்லில் கிடைக்காது. ஆகவே கல் துப்பாக்கி என்றால் அசல் கருமருந்து; அதில் பேச்சே இல்லை. கேப் துப்பாக்கி என்றால் இரண்டும் ஓடும், ஆனாலும் நான் அசலையே சொல்வேன்.

கடைகளில் அசல் ஏன் கிடைப்பதில்லை என்றால், சட்டப்படி அது வெடிபொருள். அதை விற்க வெடிபொருள் உரிமம் வேண்டும், தனியாகச் சேமித்து வைக்க வேண்டும். மாற்று மருந்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் பழைய துப்பாக்கிக்கென்றே இருக்கும் சிறு கடைகளைத் தேடிப் போங்கள், அல்லது கிளப் ஆட்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூரியரில் தருவியுங்கள். ஆபத்தான சரக்குக்கென்று தனிக் கட்டணம் வாங்குவார்கள், பங்கு போட்டால் கட்டுப்படியாகும். 2021-இல் கோயெக்ஸ் என்ற அமெரிக்கக் கருமருந்து ஆலையை மூடியபோது இந்தப் பக்கம் ஒரு டப்பாவுக்காக ஊர் ஊராய்ப் போன் போட்டார்கள். அடுத்த வருடம் எஸ்டஸ் நிறுவனம் அதை வாங்கியது. கோயெக்ஸ் தவிர ஜெர்மனியின் ஷூட்சன், ஸ்விட்சர்லாந்தின் ஸ்விஸ் இரண்டும் நல்ல சரக்கு. ஸ்விஸ் மற்றவற்றைவிட வேகமானது, கசடும் குறைவு, விலையும் அதிகம். பழகும் காலத்தில் ஷூட்சன் போதும் என்பது என் கருத்து.

இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புகையில்லா மருந்து, அதாவது இன்றைய தோட்டாக்களில் இருப்பது, ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலுக்குள் போகக் கூடாது. குழல் வெடித்துச் சிதறும், கையும் கண்ணும் போகும். அப்புறம், மருந்தை வீட்டில் செய்து பார்க்கும் யோசனையே வேண்டாம். ஆலையில் செய்து, மணி பிரித்து, டப்பாவில் அடைத்து வருவதை மட்டும் வாங்குங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் இவ்வகைப் பழைய பாணித் துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் அப்படியல்ல. நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூஜெர்சியில் இதற்கும் அடையாள அட்டை வாங்கியாக வேண்டும். விசாவில் இருப்பவர்கள் விசாரிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். முதலில் வாங்குவது .50 காலிபராக, அதாவது குழல் விட்டம் அரை அங்குலமாக, இருக்கட்டும். குண்டும் அதைச் சுற்றும் துணியும் எங்கும் கிடைக்கும், மான் வேட்டைக்கும் போதும். உருண்டைக் குண்டு சுடப்போகிறீர்கள் என்றால் குழலுக்குள் உள்ள சுழல்வரி மெதுவாகத் திரும்ப வேண்டும்: 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது அதற்கும் மெதுவாக. 48-க்கு ஒன்று என்பதும் பரவாயில்லை. 28-க்கு ஒன்று என்று போட்டிருந்தால் அது நீளக் குண்டுக்கானது, விட்டுவிடுங்கள். என்னுடையது பழையதாக வாங்கிய லைமன் கிரேட் பிளெயின்ஸ், 32 அங்குலக் குழல், 60-க்கு ஒரு சுற்று. பழைய துப்பாக்கி வாங்கினால் முதல் வேலை, கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டுப் பார்ப்பது. கோல் எவ்வளவு இறங்குகிறது என்று பெருவிரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். கிண்ணத்து நெருப்பு உள்ளே போகும் பற்றுவாய்த் துளைக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே யாரோ கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் இருக்கலாம். அம்பது வருடம் பரணில் கிடந்த துப்பாக்கியில்கூட அந்த மருந்து உயிரோடு இருக்கும்.

இனி மணி அளவு. டப்பாவில் எத்தனை எஃப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எஃப் கூடக் கூட மணி சிறியது, எரியும் வேகம் அதிகம். 2 எஃப் பொதுவாக .50-க்கும் அதற்கு மேலும். 3 எஃப் .45-க்கும் அதற்குக் கீழும். 4 எஃப் வெளிக் கிண்ணத்தில் பற்றவைப்பதற்கு மட்டும், குழலுக்குள் போடவே கூடாது. .50-இலும் 3 எஃப் போடுபவர்கள் நிறையப் பேர். கசடு குறைகிறது என்பார்கள், உண்மைதான். அப்படிப் போட்டால் அளவைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைக்க வேண்டும். புதியவர்களுக்கு 2 எஃப் ஒரு டப்பா, 4 எஃப் ஒரு டப்பா. கிண்ணத்துக்குப் போகும் மருந்து மிகக் கொஞ்சம் என்பதால் இரண்டாவது டப்பா வருடக்கணக்கில் வரும்.

மருந்தைக் கிரெய்ன் கணக்கில் அளப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். .50-க்கு உருண்டைக் குண்டோடு 50 கிரெய்ன் 2 எஃப்-இல் தொடங்கினால் ஒரு பவுண்டு டப்பாவில் 140 தடவை சுடலாம். அங்கிருந்து ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு அளவிலும் ஐந்து குண்டு சுட்டு, தாளில் ஓட்டைகள் எங்கே நெருங்குகின்றன என்று பாருங்கள். என் துப்பாக்கிக்கு அது 65-இல் வந்தது. உங்களுடையதற்கு வேறாக இருக்கும். தயாரித்தவர் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். அதுவரை போகவேண்டிய தேவையும் வராது. மருந்தின் பிராண்டை மாற்றினால் மறுபடி கீழேயிருந்து தொடங்குங்கள்.

அளப்பதற்குப் பித்தளை அளவுக் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது கொள்ளளவு. மாற்று மருந்து பயன்படுத்துபவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்: பைரோடெக்ஸ் எடை குறைந்தது, அதே கொள்ளளவுக்கு எடை சுமார் எழுபது சதவீதம்தான் வரும். தராசில் வைத்து நிறுத்துப் போட்டால் மருந்து மிஞ்சிவிடும். டிரிபிள் செவனுக்குக் கொள்ளளவிலேயே பதினைந்து சதவீதம் குறைக்கச் சொல்வார்கள், அது இன்னும் வீரியமான மருந்து.

கெட்டிக்கும் முறையை என் மேசையில் நடப்பது போலவே சொல்கிறேன். கண்ணாடியும் காதடைப்பும் முதலில். முந்தின தடவை தடவிய எண்ணெயை உலர்ந்த துணியால் குழலிலிருந்து துடைத்து எடுத்துவிடுவேன். துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பேன். கிண்ணத்தின் மேலிருக்கும், கல் மோதிப் பொறி எழும் எஃகுத் தகடு திறந்தே இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் குதிரை இறங்கியிருக்கும். கொம்பிலிருந்து அளவுக் குழாய்க்கு மருந்தை ஊற்றி, கொம்பை மூடித் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அப்புறம்தான் அளவுக் குழாயிலிருந்து குழலுக்கு. டப்பாவிலிருந்தோ கொம்பிலிருந்தோ நேரே குழலுக்குள் ஊற்றவே கூடாது. முந்தின தடவை சுட்டதில் ஒரு கங்கு அடியில் கிடந்தால் மருந்து உடனே பற்றும். அளவுக் குழாயில் இருக்கும் மருந்து ஒரு நொடியில் எரிந்து போகும்; கொம்பு பற்றினால் அது கையில் இருக்கும் குண்டு.

ஊற்றியதும் குழலை உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு வாயில் எச்சில் தொட்ட துணித்துண்டு, அதன் மேல் .490 அங்குல ஈயக்குண்டு. துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக, .015 அங்குலத் தடிமன் இருக்க வேண்டும். நான் கஞ்சி போக அலசிக் காயவைத்து வெட்டுவேன். குட்டைக் கோலால் ஒரு தட்டு தட்டி உள்ளே இறக்கி, பெரிய கோலைச் சாண் சாணாகப் பிடித்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். முழுக் கையையும் நீட்டிப் பிடித்து அழுத்தினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறிவிடும்.

என் கோலில் கத்தியால் போட்ட இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று காலிக் குழலுக்கு, மற்றது 65 கிரெய்னும் குண்டும் உள்ளே இருக்கும்போது குழல்வாய்க்கு நேராக வருவது. அந்தக் கோடு வாயோடு சரியாக வந்து உட்கார வேண்டும். ஒரு விரற்கடை மேலே நின்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சுட்டால் குழல் உப்பும், பிளக்கவும் பிளக்கும். கசடு சேர்ந்து வழியில் நின்றிருந்தாலும் சரி, அழுத்தி இறக்கிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிடுவதும் அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். அப்படி ஆனால் வாயு உருளை கொண்டு தள்ளும் சிறு கருவி ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தி வெளியே எடுங்கள். நான் இந்தக் கலையில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் இந்தக் கோட்டைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கிண்ணத்தில் மருந்து போடுவது கடைசி, சுடும் வரிசையில் நின்று குழல் இலக்கை நோக்கியிருக்கும்போது. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், துளையை மூடக் கூடாது. மூடினால் திரிபோல எரிந்து உள்ளே போகும், அடிக்கும் சத்தத்துக்கும் வெடிக்கும் சத்தத்துக்கும் இடைவெளி விழும். துளை திறந்திருந்தால் ஜுவாலை ஒரே தாவலில் உள்ளே பாயும். துளை இருக்கும் பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள், அங்கே நெருப்பு பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கிலிருந்து நகர்த்தாமல் முழுதாக ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே தாமதமாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். அப்புறம் துளையைக் குத்தி, கிண்ணத்தில் புது மருந்து போட்டு மறுபடி. வெடித்தால் அந்த வெள்ளைப் புகையும் வாசனையும் தீபாவளி விடியற்காலையேதான்.

ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் ஈரத்துணி ஒன்றை உள்ளே விட்டு எடுத்துவிடுங்கள். கசடும் போகும், கங்கும் அணையும். பத்துப் பதினைந்து கெஜம் முன்னால் போய், விழுந்து கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கருவட்டமும் ஓரத்தில் லேசான பிசிறும் இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது அல்லது மருந்து அதிகம். கத்தி வெட்டுப்போலக் கிழிந்திருந்தால் குழல்வாய் ஓரம் கூராக இருக்கிறது. தாளில் இருக்கும் ஓட்டைகளைவிட இந்தத் துணிகள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு அப்புறம், துப்பாக்கி முதலில். கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரவோடு இரவாகத் துருவேற்றிவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், கோலில் துணி சுற்றி மேலும் கீழும், கறுப்பு நீர் போய்த் தெளிந்த நீர் வரும்வரை. உலர்ந்த துணி ஐந்தாறு, பிறகு மெல்லிய எண்ணெய். எஃகுத் தகட்டின் முகத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, பட்டால் அடுத்த முறை பொறி வராது. மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். செம்பழுப்பாக வந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள்.