ஐவிஎஃப் தொடங்கும் முன் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எப்படி விசாரிப்பது?

ஐவிஎஃப், அதாவது கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கும் சிகிச்சை, என்று முடிவெடுத்ததும் எல்லாரும் டாக்டரைப் பற்றித்தான் விசாரிப்போம். நானும் என் கணவரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் கருமுட்டையை வெளியே எடுத்த பிறகு அது டாக்டர் கையில் இருப்பதில்லை. நாம் முகம்கூடப் பார்க்காத எம்பிரியாலஜிஸ்ட், அதாவது ஆய்வுக்கூடத்தில் கருவைக் கவனிக்கும் நிபுணர், கையில்தான் நாள்கணக்கில் இருக்கிறது. அந்த அறையைப் பற்றியும் நாலு கேள்வி கேட்க வேண்டாமா?

படி 1: உரிமம் யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூரில் ஐவிஎஃப் போன்ற கருத்தரிப்பு உதவிச் சேவை தரும் இடங்களுக்கு 2023 ஜூன் 26 முதல் புதிய சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் தனி உரிமம் வேண்டும். சாதாரண கிளினிக் உரிமம் போதாது. டாக்டரைப் பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதும் ஓரிடம், கரு வளர்வது வேறிடம் என்றும் இருக்கலாம். அதனால் "எங்கள் கரு எந்த ஆய்வுக்கூடத்தில் வளரும்?" என்று நேராகக் கேளுங்கள். அந்த இடத்துக்கு உரிமம் உண்டா என்று சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள்.

அரசாங்க மருத்துவமனைகளில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை மூன்றிலும் இந்தச் சேவை உண்டு. தகுதியுள்ள தம்பதியருக்கு அங்கே 75 விழுக்காடு வரை செலவில் அரசாங்கத்தின் இணைநிதி கிடைக்கும்.

படி 2: சான்று

உரிமம் அரசாங்கம் தருவது. ஆய்வுக்கூடத்தின் தரத்துக்கான ஆர்டிஏசி (RTAC) சான்று வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கருத்தரிப்புச் சங்கத்தின் குழு வகுத்த விதிகளின்படி, வெளித் தணிக்கையாளர்கள் வந்து பார்த்துத் தருவது. சான்று எதுவரை செல்லும் என்று தேதியைப் பாருங்கள்.

படி 3: பக்கத்தில் நிற்பது யார்?

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2010இல் இங்கே ஒரு தம்பதியருக்குப் பிறந்த குழந்தை, கணவரின் விந்தணுவில் உருவானதல்ல என்று தெரியவந்தது. இரண்டு ஆண்களின் விந்தணு மாதிரிகளை ஒரே நேரத்தில், ஒரே மேசையில் கையாண்டிருக்கிறார்கள். பயன்படுத்திய பிப்பெட்டை (மாதிரியை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாயை) ஒவ்வொரு முறையும் தூக்கிப் போடவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. குழந்தையை வளர்க்கும் செலவில் 30 விழுக்காட்டை இழப்பீடாகத் தர வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அந்தக் குடும்பத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: ஒரு நேரத்தில் ஒருவருடைய மாதிரி மட்டும்தான் மேசையில் இருக்குமா? ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டாவது ஆள் பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பாரா? அப்போதே கையெழுத்துப் போடுவாரா? அல்லது மின்னணு முறையா?

எனக்குக் கருமுட்டை எடுத்த அன்று, மயக்க ஊசிக்கு முன் என் முழுப் பெயரையும் அடையாள அட்டை (ஐசி) எண்ணையும் என்னையே சொல்லச் சொன்னார்கள். கைப்பட்டையைப் பார்த்து ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் தட்டின் லேபிளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீரானது.

படி 4: உறைநிலைத் தொட்டி

உறைய வைத்த கரு திரவ நைட்ரஜனில், கிட்டத்தட்ட மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு நைட்ரஜன் அளவு குறைந்தால் எச்சரிக்கை யாருடைய கைபேசிக்குப் போகும், அவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார் என்று கேளுங்கள். நல்ல ஆய்வுக்கூடத்தில் இதற்குச் சட்டென்று பதில் வரும். மழுப்பினால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், இன்னோர் இடத்திலும் விசாரியுங்கள்.