ஒரு டிஸ்க் போன பிறகுதான் ஆபத்து: ரெய்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெய்டு (பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்யும் ஏற்பாடு) போட்டாயிற்று, இனி பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். ரெய்டு தாங்குவது ஹார்டு டிஸ்க் பழுதை மட்டும்தான். கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த அழிப்பும் எல்லா டிஸ்க்குகளிலும் ஒழுங்காகப் பதிவாகிவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதிதான்.

இதைவிடக் கண்ணில் படாத தவறு, பெரிய டிஸ்க்குகளை, ஒரு டிஸ்க் பழுதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 வகையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. 1988-இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிக் கட்டுரை எழுதியபோது, அவர்கள் எடுத்துக்காட்டிய சிறிய டிஸ்க்கின் கொள்ளளவு 100 மெகாபைட்தான். ரெய்டு 5-இன் கணக்கு எளிமையானது. மூன்று டிஸ்க்குகளில் 1, 0, 1 என்று இருந்தால், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் நான்காவதில் 0 எழுதும். 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரவேண்டும், அவ்வளவே. இதுதான் பேரிட்டி. ஒரே டிஸ்க்கில் குவியாமல் அது நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். ஏதாவது ஒன்று போனாலும் மீதி மூன்றைப் படித்து, போனதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சிக்கல் அந்தப் படிப்பதில்தான். நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்று போனால், புது டிஸ்க்கில் அதன் தரவை மறுபடி உருவாக்கும் ரீபில்டு முடிய மீதி 24 டெராபைட்டையும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் விவரத்தாளிலோ, ஏறக்குறைய 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்ற அளவுதான் உத்தரவாதம். நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் வந்துவிட்டால்? சில கன்ட்ரோலர்கள் ரீபில்டையே நிறுத்திவிடும். ஆகவே இந்த அளவு டிஸ்க்குகளுக்கு இரட்டைப் பேரிட்டி உள்ள, இரண்டு டிஸ்க்குகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6-தான் சரி என்பேன். அப்புறம், மாதம் ஒருமுறையாவது முழு டிஸ்க்கையும் படித்துச் சோதிக்கும் ஸ்க்ரப் ஓடட்டும். யாரும் தொடாத மூலையில் கெட்டுக் கிடக்கும் செக்டார் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) முன்னாலேயே தெரிந்துவிடும்.

விலை குறைவு என்று டெஸ்க்டாப் டிஸ்க்கைச் செருகுவதும் வேண்டாம். கெட்ட செக்டாரை மீட்க அது நிமிடக்கணக்கில் கூடப் போராடும். கன்ட்ரோலர் அவ்வளவு பொறுக்காது, டிஸ்க்கே செத்துவிட்டது என்று கழற்றிவிடும். நாஸ் (நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) கருவிகளுக்கென வரும் டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடிகளில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும்.

பதற்றத்தில் நடப்பவை தனி ரகம். எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் என்று சீரியல் எண்ணோடு குறித்து வைக்காததால் நல்ல டிஸ்க்கை உருவிவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒன்று போன ரெய்டு 5-இல் அதோடு டிஸ்க் தொகுப்பு முழுவதும் விழும். அந்த நேரத்தில் திரையில் ‘இனிஷியலைஸ்’ (டிஸ்க்கைப் புதிதாக அமைக்கவா) என்று கேட்டால் அழுத்தவே அழுத்தாதீர்கள். உருவிய டிஸ்க்கை அப்படியே வைத்திருங்கள்; பல நேரங்களில் திரும்பப் பொருத்தி மீட்க முடியும். கன்ட்ரோலரே போனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த மாற்று கன்ட்ரோலர்தான் பெரும்பாலும் பழைய அமைப்பைப் படித்துக்கொள்ளும்.